சொட்டும் பேத்தியும் ஒரு பழைய பேப்பரும்

அவருக்குன்னு ஒரு பேரு இருக்கத்தான் செய்யுது. ஆனா யாராவது திடீர்னு கேட்டா, அவரு சம்சாரமே ரெண்டு செகண்டு யோசிச்சுத்தான் சொல்லுவாங்க. எல்லாருக்கும் அவரு சொட்டு. குழாய்க்காரர் சொட்டு.

அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, முப்பத்திரண்டு வருஷமா அவரு செய்யுற ஒரு காரியத்தால வந்துச்சு. மத்த குழாய்க்காரங்க ஜாயிண்ட்ட முறுக்கினோமா, குழாயத் திறந்து பாத்தோமா, கைய துடைச்சோமான்னு கிளம்பிடுவாங்க. இவரு அப்படி இல்ல. முறுக்கி முடிச்சதும் பையிலிருந்து ஒரு பழைய பேப்பர எடுப்பாரு. மொறுமொறுன்னு காஞ்ச பேப்பரு. அத ஜாயிண்டுக்கு நேர் கீழ விரிப்பாரு. ஒரு வாளியக் கவுத்துப் போட்டு அதும்மேல உக்காருவாரு. அரை மணி நேரம். பேசமாட்டாரு, போன் பாக்கமாட்டாரு, அந்தப் பேப்பரையே பாப்பாரு. ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு, எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு.

ஒரு வீட்டம்மா பொறுக்கமுடியாம கேட்டுட்டாங்க. "என்னங்க, வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"வேலை முடிஞ்சுதும்மா. அது குழாய்க்குத் தெரியுதான்னு பாக்கறேன்."

இவ்வளவு பெரிய மனுஷன் வீட்டுல சமையல்கட்டு சிங்குக்கு அடியில ஆறு மாசமா ஒழுகுது. சம்சாரம் அங்க ஒரு வாளி வச்சிருக்காங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கொட்டுவாங்க. கொட்டும்போதெல்லாம் அவரு காதுல விழுற மாதிரி, "ஊருக்கெல்லாம் பேப்பரு, நமக்கு மட்டும் வாளி"ன்னு ஒரு வார்த்தை. அவரும் சளைக்காம, "அது சின்ன சொட்டுதானே, பாக்கலாம்"பாரு.

இந்த நேரத்துலதான் மகள் எட்டு மாசக் குழந்தையத் தூக்கிக்கிட்டு ரெண்டு வாரம் இருந்துட்டுப் போக வந்துச்சு. மருமகனுக்கு வேற ஊருல வேலை, லீவு கிடைக்கல. சொட்டு பேத்திய பொறந்தப்போ பாத்ததுதான். அப்போ அது துணியில சுத்துன ஒரு பொட்டலம், கண்ணே திறக்கல. இப்போ பாத்தா கன்னம் ரெண்டும் உப்பிப்போய், கீழ ரெண்டு பல்லு, அதுல ஒண்ணு லேசா சாஞ்சு, தவழுற வேகத்துக்கு வீட்டுல யாரும் ஈடு குடுக்கமுடியல. முழங்கால்ல சக்கரம் கட்டினமாதிரி ஓடுது. சொட்டு ரெண்டு கையையும் அகலமா விரிச்சுக்கிட்டு, "வாடி என் தங்கம்!"னு ஒரே பாய்ச்சலா முன்னாடி போய் நின்னாரு.

பாப்பா அவர ஏற இறங்கப் பாத்துச்சு.

குழாயில காத்து அடைச்சுக்கிட்டா எப்படி இருக்கும்? முதல்ல 'கொர்'ருன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே வராது. சரி, அவ்வளவுதான்னு நாம நினைக்கறப்போ, பொளேர்னு அடிச்சு மூஞ்சியெல்லாம் தண்ணி. பாப்பா அழுறதும் அதே கணக்குத்தான். கீழ்உதடு பிதுங்கி 'கொர்', ஒரு நிமிஷம் மௌனம், அப்புறம் வீடே அதிருற மாதிரி ஒரு வீறல். பக்கத்து வீட்டு ஜன்னல் ரெண்டு திறந்துச்சு.

"முகம் புதுசுல்லப்பா, பழகிடும்"னுச்சு மகள்.

சரி, பழகட்டும்னு விட்டா, சாயங்காலம் நாலு மணிக்கு சம்பந்தி வந்தாரு. மருமகனோட அப்பா. அதே ஊருல நாலு தெரு தள்ளி வீடு. முப்பது வருஷம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி மூடினவரு. சட்டை மடிப்புக் கலையாம வந்து நாற்காலியில உக்காந்தாரு. பேத்தியத் திரும்பிக்கூடப் பாக்கல. கையில கொண்டுவந்த பேப்பர விரிச்சுப் படிக்க ஆரம்பிச்சாரு. அவ்வளவுதான். பாப்பா குடுகுடுன்னு தவழ்ந்து போய் அவரு காலப் பிடிச்சு எழுந்து, மடியில ஏறிக்கிச்சு!

அவருக்கும் முகம் புதுசுதான். சொட்டுக்கு வயிறு எரிஞ்சுது.

"ரத்தபாசம் சம்பந்தி, என்ன பண்றது"ன்னாரு அவரு, பேப்பர மடிச்சுக்கிட்டே.

"என் உடம்புல ஓடுறது என்ன, தண்ணியா?"ன்னு கேட்டுட்டு, சொட்டு மறுபடியும் கைய நீட்டினாரு. கொர். மௌனம். பொளேர்.

அப்பத்தான் சம்பந்தி அந்த வார்த்தையச் சொன்னாரு. மூக்குக்கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, ரொம்பப் பெருந்தன்மையா, "கீப் அட் இட், சம்பந்தி!"

சொட்டு பல்லக் காட்டிச் சிரிச்சு வச்சாரு. சம்பந்தி போனதும் மகள மடக்கினாரு. "உன் மாமனாரு என்னை என்னம்மா திட்டுனாரு?"

"திட்டலப்பா. விடாம பண்ணிக்கிட்டே இருங்கன்னு சொன்னாரு."

"அதுக்கு எதுக்கு மூணு வார்த்தை? கீப்புன்னா?"

"வச்சுக்கறது."

"இட்டுன்னா?"

"அது."

"நடுவுல அந்த அட்டு?"

"அத தனியா சொல்ல வராதுப்பா. தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் கிடைக்காது, மூணும் சேந்தாத்தான் அர்த்தம்."

சொட்டு முகம் மலர்ந்து போச்சு. "அட, அப்படிச் சொல்லு! வாஷரு, எல்போ, நட்டு. தனியாக் கிடந்தா காலுல குத்தும். சேத்து முறுக்கினா தண்ணி வரும். ஒரு நாளைக்காவது இங்கிலீஷ்காரனும் குழாய் வேலை பாத்திருப்பான்."

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதே சம்சாரத்துக்கிட்ட சபதம் மாதிரி சொல்லிட்டாரு. "இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ்ஸு. இனிமே ஒரு வருஷம் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது தானா எங்கிட்ட வரணும். நான் தூக்கக்கூடாது, அதுவா வரணும்."

"சிங்கு ஒழுகுது"ன்னாங்க சம்சாரம்.

மறுநாள் சம்பந்தி இன்னும் கொஞ்சம் பாடம் எடுத்தாரு. கேக்காமலே எடுப்பாரு, அது தொழில் பழக்கம். "கீப் அட் இட்ட எல்லாருக்கும் சொல்லிடக்கூடாது சம்பந்தி. இன்னும் ஆரம்பிக்காதவனுக்குச் சொல்லக்கூடாது. முடிச்சவனுக்கும் சொல்லக்கூடாது. ஒரு வேலையில எறங்கி, நடுவுல அலுத்துப்போய் நிக்கறான் பாருங்க, அவனுக்குச் சொல்லணும். இன்ஸ்டிட்யூட்ல ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்லுவேன்."

சொட்டு கையில புது ஸ்பேனர் கிடைச்சா பாக்கற நட்டையெல்லாம் திருகிப் பாப்பாரு. இதுக்கும் அதே கதிதான். மறுநாளே ஒரு வீட்டுல வாஷ்பேசினுக்கு அடியில படுத்திருக்காரு. மேல அந்த வீட்டம்மா போன் பிடிச்சுக்கிட்டு, கம்பெனிக்காரன் போட்ட பாட்டையே நாப்பது நிமிஷமாக் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. "சீ, வச்சுடலாம்"னு அவங்க வாயிலேர்ந்து வந்துச்சோ இல்லையோ, கீழேர்ந்து ஒரு குரலு: "கீப் அட் இட்மா!"

அந்தம்மா திடுக்கிட்டாங்க, ஆனா வைக்கல. மூணாவது நிமிஷம் ஆளு பேசிட்டான். வேலையும் முடிஞ்சுது. சொட்டுக்கு அன்னிக்கு ரெண்டு டீ, அதுவும் பெரிய டம்ளர்ல.

போதாதா? அவருக்குத் தலைகால் புரியல. பார்க்குல மூச்சு வாங்க ஓடிக்கிட்டிருந்த ஒரு குண்டு மனுஷனுக்குச் சொன்னாரு. அவரு இன்னொரு ரவுண்டு ஓடிட்டு, பெஞ்சுல மல்லாந்துட்டாரு, சொட்டுதான் தண்ணி வாங்கிக் குடுத்தாரு. மாடிப்படியில சண்டை போட்டுக்கிட்டிருந்த புருஷன் பொண்டாட்டி கொஞ்சம் மூச்சு விட நிறுத்தினப்போ, ரெண்டு பேருக்கும் பொதுவாச் சொன்னாரு. அவங்க ரெண்டு பேரும் சேந்து இவரத் திட்டினாங்க. ஒத்துமையாவது வந்துச்சேன்னு வந்துட்டாரு.

வீட்டுலயும் சும்மா இருக்கல. பேத்தி முன்னாடி தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் போனாரு. கொர். சம்சாரத்தோட கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் போனாரு. கொர். முழங்கால் நோக நோக அவரே தவழ்ந்து போனாரு, அதுக்கு ரொம்பப் பெரிய பொளேர். கை தட்டினாரு, விசிலடிச்சாரு, பூனை மாதிரிக் கத்தினாரு. பூனை மாதிரிக் கத்தினதுல தெருப்பூனை ஒண்ணு உள்ள வந்துடுச்சு. பாப்பா பூனையப் பாத்துச் சிரிச்சுது, இவரப் பாத்து அழுதுது.

"கொஞ்சம் விடுங்களேன் அதை"ன்னாங்க சம்சாரம்.

"கீப் அட் இட்டுன்னா விடாம இருக்கறதுடி. உனக்கு இங்கிலீஷ் தெரியாது."

ரெண்டாவது வாரம் வியாழக்கிழமை வந்துச்சு வினை. ஒரு அடுக்குமாடி வீட்டு பாத்ரூம்ல சொட்டு வாளிமேல உக்காந்து பேப்பரப் பாத்துக்கிட்டிருக்காரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் டிரில்லிங் மிஷின் சத்தம். டுர்ர்ர்னு ஓடுது, நிக்குது. திரும்ப டுர்ர்ர், திரும்ப நிக்குது. கடைசியில ஒரேயடியா நின்னே போச்சு. பாவம், யாரோ அலுத்துட்டாங்கன்னு சொட்டுக்கு மனசு இளகிடுச்சு. சுவத்துல ரெண்டு தட்டு தட்டி, அடிவயித்துலேர்ந்து ஒரு குரல் குடுத்தாரு. "கீப் அட் இட்!"

டுர்ர்ர்ர்ர்ர்ர்.

அப்புறம் 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம். சொட்டு அந்தச் சத்தத்தத் தூக்கத்துலகூடக் கண்டுபிடிச்சுடுவாரு. எழுந்து ஓடினாரு.

அந்த வீட்டுக்காரர் கண்ணாடிக்கடைக்காரர். லீவு நாள்ல அலமாரி மாட்டலாம்னு ஆசைப்பட்டிருக்காரு. கதவத் திறந்தப்போ தலைமுடி நெத்தியில ஒட்டி, மூக்குக்கண்ணாடியில தண்ணி வழிய நின்னாரு. பின்னாடி சுவத்திலேர்ந்து தண்ணி, அழகா வளைஞ்சு சோபாமேல விழுது.

"யாருய்யா அந்தப் பக்கத்திலேர்ந்து சொன்னது?"

"நான்தாங்க. ஒரு உற்சாகத்துக்கு..."

"ஏதோ இரும்பு தட்டுப்படுதேன்னு நான் நிறுத்திட்டேன்யா! நிறுத்தி மிஷின கீழயே வச்சுட்டேன்! சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவரு பைப்ப நேர்ல பாத்துக்கிட்டே சொல்றாரு போலன்னு நம்பித்தானே..."

சொட்டு மெயின் வால்வ மூடி, சுவத்த உடைச்சு, பைப்ப மாத்தி, சோபாவத் தூக்கி வெயில்ல வச்சு, அங்கயும் பேப்பர் விரிச்சு அரை மணி நேரம் உக்காந்துட்டு வந்தாரு. கண்ணாடிக்கடைக்காரர் எதிர்ல உக்காந்து அவரையே முறைச்சுக்கிட்டிருந்தாரு.

சாயங்காலம் சம்பந்திக்கிட்ட சண்டைக்கே போயிட்டாரு. "நடுவுல நிக்கறவனுக்குச் சொல்லணும்னீங்க. நின்னான். சொன்னேன். வீடு முழுக்கத் தண்ணி!"

சம்பந்தி மடியில பாப்பா ஜம்முன்னு உக்காந்து பேப்பரோட ஓரத்தக் கசக்கிக்கிட்டிருந்துச்சு. அவரு சிரிக்காம சொன்னாரு. "அவன் அலுத்து நின்னானா, யோசிச்சு நின்னானான்னு பாக்கவேண்டாமா சம்பந்தி? தப்பான எழுத்தத் தட்டறவனுக்குப் போய் நான் கீப் அட் இட்டுன்னு சொல்லுவேனா? நிறுத்துடா, விரல எடுடான்னுதான் சொல்லுவேன்."

"இத முதல்லயே சொல்றதுக்கு என்ன? ஒரு சோபா பொழைச்சிருக்குமே!"

வெள்ளி போச்சு, சனி போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில மகள் பெட்டி அடுக்க ஆரம்பிச்சுது. சொட்டு கடைசியா ஒரு தடவை கைய விரிச்சுக்கிட்டுப் போனாரு. பாப்பாவுக்கு உதடு பிதுங்கினதுமே கைய மடக்கிக்கிட்டாரு. 'கொர்'ருக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டாரு. மனசு விட்டுப் போச்சு. தப்பான எடத்துலயே ஓட்டை போட்டுக்கிட்டிருந்திருக்கோம்னு அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. சரியான எடம் எதுன்னுதான் தெரியல.

முகத்த யாருக்கும் காட்டப் பிடிக்கல. ஒளிஞ்சுக்க வீட்டுல ஒரு எடம்தான் இருந்துச்சு. ஸ்பேனர எடுத்துக்கிட்டு, வாளிய நகத்திட்டு, சிங்குக்கு அடியில தலைய விட்டு மல்லாந்து படுத்துட்டாரு. வெளியில தெரியறது இடுப்பும் காலும்தான்.

"ஆறு மாசம் கழிச்சு நல்ல நாள் பாத்தீங்க"ன்னுட்டுப் போனாங்க சம்சாரம்.

பழைய வாஷரக் கழட்டிப் புதுசு போட்டாரு. வெள்ளை டேப்பு சுத்தினாரு. முறுக்கினாரு. சின்ன டார்ச்ச பைப்புல மாட்டிவிட்டாரு. வாளிமேல உக்காந்து பாக்க அங்க எடமில்ல, அதனால பேப்பரத் தன் நெஞ்சுமேலயே தாடையிலேர்ந்து வயிறு வரைக்கும் விரிச்சுக்கிட்டு, ஜாயிண்டப் பாத்துக்கிட்டுக் கிடந்தாரு. அசையாம. பேசாம.

கொஞ்ச நேரம் கழிச்சு, வயித்துப் பக்கம் 'சரக்'குன்னுச்சு.

எலின்னு நினைச்சாரு. உதைக்கலாமான்னு கால மடக்கப் போனாரு. அதுக்குள்ள இன்னொரு 'சரக்', அப்புறம் 'டர்ர்'னு பேப்பரு கிழியிற சத்தம், அப்புறம் ரொம்பத் திருப்தியா ஒரு "ம்ம்ம்".

எலி "ம்ம்ம்" சொல்லாது.

சொட்டு மடக்கப் போன கால அப்படியே நிறுத்திட்டாரு. பேப்பரு மெதுவாக் கீழ இழுபடுது. குட்டிக் கை ஒண்ணு பனியனப் பிடிக்குது. முழங்கால் ஒண்ணு விலாவுல குத்துது. அப்புறம் முழுசா, சூடா, ஈரமா, ஏழரைக் கிலோ வயித்துமேல ஏறி உக்காந்துச்சு.

அப்பப் பாத்து அவரு மூக்குமேல ஒரு சொட்டு விழுந்துச்சு.

ஜாயிண்ட் ஒழுகுது. முப்பத்திரண்டு வருஷத் தொழிலு, சொந்த வீட்டுல ஒழுகுது! இன்னும் கால் திருகு திருகினாப் போதும். ஸ்பேனரு கைக்கு எட்டுற தூரம்தான். ஆனா கைய எடுத்தா உடம்பு அசையும். அசைஞ்சா அது போயிடும்.

சமையல்கட்டு வாசல்ல பேச்சுச் சத்தம் கேட்டு, சட்டுனு அடங்குச்சு. மகள், சம்சாரம், வழியனுப்ப வந்த சம்பந்தி, மூணு பேரும் நிக்கிறாங்கன்னு செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது.

"எழுந்துடாதீங்கப்பா"ன்னு மகள் கிசுகிசுத்துச்சு.

"மூக்குல சொட்டுதுடி"ன்னு உள்ளேர்ந்து முனகல்.

சம்பந்தி குரல் வேற மாதிரி வந்துச்சு. "இதென்ன... பேப்பரத்தானே கிழிக்குது. அப்போ இத்தன நாளா எங்கிட்ட வந்தது?"

"அதுவும் பேப்பருக்குத்தான் மாமா."

"ரத்தபாசம்னு..."

"அந்தப் பேப்பரு உங்களோடதுதானே மாமா"ன்னு மகள் ஆறுதல் சொல்லுச்சு. சம்சாரம் வாயப் பொத்திக்கிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டாங்க.

சம்பந்தி மனசுல என்ன ஓடுச்சோ தெரியல. மடிப்புக் கலையாத பேண்ட்டோட தரையில மண்டி போட்டாரு. சிங்குக்கு அடியில தலைய நீட்டி, சத்தமே வராம, முதல் தடவையா எகத்தாளம் இல்லாமச் சொன்னாரு. "கீப் அட் இட், சம்பந்தி."

சொட்டு மனசுக்குள்ள ஒவ்வொண்ணாச் சரி பாத்தாரு. ஆரம்பிச்சாச்சா? ஆச்சு. முடிஞ்சுதா? இல்ல. சரியான எடமா? வயித்துமேல கனம் இருக்குது, சரியான எடம்தான். கிடந்தாரு. சொட்டு விழுந்துச்சு. கிடந்தாரு. இன்னொண்ணு விழுந்துச்சு. எண்ண ஆரம்பிச்சு அறுபதுக்கு மேல விட்டுட்டாரு. தண்ணி கன்னத்துல இறங்கிக் காதுல தேங்குது. தும்மல் வருது, அத உள்ளயே முழுங்குறாரு.

பேப்பரு எல்லாம் தூள்தூளாப் போச்சு. கடைசித் துண்டு அவரு தாடைகிட்ட இருந்துச்சு. பாப்பா அதத் தேடி ஊர்ந்து ஊர்ந்து மேல வந்து, நேரா அவரு முகத்தப் பாத்துச்சு.

பாத்துச்சு. கீழ்உதடு பிதுங்குச்சு. "கொர்."

வெளியில இருந்த மூணு பேரும் காதப் பொத்திக்கத் தயாரானாங்க.

அந்த மௌனத்துல, மேல ஜாயிண்ட்டுல ஒரு சொட்டு மெதுவா உப்பி, டார்ச் வெளிச்சத்துல மின்னி, 'டொப்'புன்னு அவரு மூக்கு நுனியில விழுந்து தெறிச்சுது. சொட்டு கண்ணக் கொட்டினாரு.

பாப்பா அண்ணாந்து பாத்துச்சு. இன்னொண்ணு உப்புது. அதையே பாத்துச்சு. டொப். அவரு மறுபடியும் கண்ணக் கொட்டினாரு. அவ்வளவுதான், சாஞ்ச பல்லு தெரிய ஒரு சிரிப்பு! தொப்பை குலுங்கக் குலுங்க, அவரு நெஞ்சுல ரெண்டு கையாலயும் அடிச்சு அடிச்சு ஒரு சிரிப்பு. அடுத்த சொட்டுக்குக் காத்திருக்கு. விழுந்தா சிரிக்குது. விழாட்டி அவரு மூக்கப் பிடிச்சு ஆட்டுது, தண்ணி ஏன் வரலன்னு கேக்குற மாதிரி. குழாய்க்காரர் பேத்தின்னா சும்மாவா!

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சாயங்காலம் வந்து பிரிச்சுத்தான் எடுத்தாங்க. நடுவுல பாலு குடிச்சது, தூங்கினது எல்லாம் போக, பாக்கி நேரம் பூரா சிங்குக்கு அடியிலதான். சொட்டுக்கு மூணு நாள் ஜலதோஷம்.

இப்பவும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மகள் வீடியோ கால் போடுது. சொட்டு முகத்தக் காட்டமாட்டாரு. போனத் தூக்கிக்கிட்டு நேரா சிங்குக்கு அடியில போய்ப் படுத்து, டார்ச்ச அடிச்சு, மூக்கக் கொண்டுபோய் ஜாயிண்டுக்குக் கீழ வைப்பாரு. அந்தப் பக்கம் சிரிப்பு கேக்கும். இதுக்காக அந்தக் கால் திருகு திருகாமலே இருக்குது. சம்பந்தியும் வருவாரு, இன்னொரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து போனப் பிடிச்சுக்குவாரு, கையில அன்னிக்குப் பேப்பரு. ஸ்கிரீனுக்கு முன்னாடி அதக் கசக்கிச் சத்தம் காட்டுவாரு. அவருக்கும் ஒரு பங்கு வேணும்ல.

அழைப்பு முடிஞ்சதும் சம்சாரம் சிங்குக்கு அடியில நிரம்பின வாளியத் தூக்கிக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போவாங்க.

"இன்னும் ஒரு வருஷம்தான். கீப் அட் இட்!"ம்பாரு சொட்டு, தரையில கிடந்துக்கிட்டே.

"வாளிய நான்தான கொட்டறேன்"ம்பாங்க அவங்க, தண்ணி தளும்பாம நடந்துக்கிட்டே. "அத எனக்குச் சொல்லவேண்டியதில்ல. நான் ஆறு மாசத்துக்கு மேலயா அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."